கேபிளை மாற்றினால் ஸ்டீரியோ நன்றாகப் பாடுமா? காசு கொடுப்பதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழிகாட்டி

ஆறாயிரத்து ஐநூறு ரூபாய்க்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் கேபிள் வாங்கி வந்து மாட்டிய அன்று ராத்திரி எனக்குப் புல்லரித்தது. பொய்யில்லை. மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடது பக்கம்) அதுவரை எங்கே ஒளிந்திருந்ததோ, கும்மென்று வந்து நின்றது. அறை முழுக்கக் கலைந்து கிடந்த குரல், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தது. மறுநாள் ஆபீசில் நான் விட்ட அலப்பறையில் இரண்டு பேர் அதே கேபிளை ஆர்டர் செய்துவிட்டார்கள்.

நாலு மாதம் கழித்து எங்கள் பெங்களூர் அல்சூர் வீட்டுக்கு பெயின்ட் அடிக்க வேண்டி வந்தது. எல்லாவற்றையும் கழற்றி மூட்டை கட்டினோம். வேலை முடிந்த சாயங்காலம், அந்த விலை உயர்ந்த கேபிள் எந்தப் பெட்டிக்குள் போனது என்று தெரியவில்லை. கைக்குக் கிடைத்த பழைய வயரை மாட்டினேன், ஸ்பீக்கரோடு இலவசமாக வந்த மெல்லிய வயர் அது. தொப்பி அப்படியே இருந்தது. குரலும் நகரவில்லை.

அரை மணி நேரம் மண்டையைக் குடைந்துவிட்டு, ஃபோனில் பழைய படங்களைத் தேடினேன். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் ஸ்பீக்கரின் பின்பக்கத்தை எடுத்த படம் ஒன்று அகப்பட்டது. பெரிதாக்கிப் பார்த்தால், இடது ஸ்பீக்கரில் வயரின் கோடு போட்ட பக்கம் கருப்பில் மாட்டியிருக்கிறது, வலதில் சிவப்பில். இரண்டு வருஷமாக ஒரு ஸ்பீக்கரை பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டி வைத்துவிட்டு, அதில் பாட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். விலை கொடுத்த கேபிள் என்பதால் அதை மட்டும் பயபக்தியோடு சிவப்பைச் சிவப்பில் மாட்டினேன். எல்லாம் சரியானது அதனால்தான். பெயின்ட் அடித்த பிறகு பழைய வயரை மாட்டியபோதும் தற்செயலாக முனைகள் மாறாமல் அமைந்துவிட்டன.

கேபிளை மாற்றும்போது கேபிள் மட்டும் மாறுவதில்லை. பிளக்கைப் பிடுங்கிச் செருகும்போது அதில் படிந்த அழுக்கு உரசிப் போகிறது. முறுக்கு தளர்ந்த திருகு இறுகுகிறது. பின்னால் கை விடுவதற்காக இழுத்த ஸ்பீக்கர் நாலு அங்குலம் தள்ளி வந்து நிற்கிறது. வால்யூம் பழைய இடத்தில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சும்மா உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கிறோம். இத்தனைக்கும் கிடைக்க வேண்டிய பாராட்டைக் கேபிள் ஒன்றே வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. அதனால் இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, காசில்லாததை முதலில் செய்து பார்க்கலாம்.

பேட்டரி வைத்துப் பார்ப்பது

ஆம்பை (ஆம்ப்ளிஃபயரை) அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஸ்பீக்கர் வயர்களை ஆம்ப் பக்கத்தில் கழற்றுங்கள். எது சிவப்பில் இருந்தது, எது கருப்பில் இருந்தது என்று கழற்றுவதற்கு முன்பே ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி ஒன்றை எடுத்து, சிவப்பில் இருந்த முனையை பிளஸ்ஸிலும் மற்றதை மைனஸிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அந்த நேரம் வூஃபரின், அதாவது தாழ்ந்த ஒலி தரும் பெரிய வட்டத்தின், கூம்பு முன்னால் வர வேண்டும். ஆட்டம் சின்னதாக இருக்கும், ஒருவர் தொட இன்னொருவர் பார்ப்பது வசதி. ஃபோனில் ஸ்லோ மோஷனில் எடுத்தால் சந்தேகமே இருக்காது.

இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் அசைய வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அவ்வளவு நீள அலைக்கு நம் ஹாலில் ஆறடி தள்ளி நிற்கும் இரண்டு ஸ்பீக்கரும் கிட்டத்தட்ட ஒரே இடம்தான். உயர்ந்த ஒலி தரும் சின்ன வட்டமான ட்வீட்டரை இப்படிச் சோதிக்க வேண்டாம். ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சர்க்யூட்கள் சிலவற்றில் அதை வேண்டுமென்றே தலைகீழாக மாட்டியிருப்பார்கள்.

முன்பக்க வலை கழலாத ஸ்பீக்கர் என்றால் காதால் பார்க்கலாம். மோனோவில் பதிவான பழைய பாட்டு ஒன்றைப் போட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் சமதூரத்தில் உட்காருங்கள். குரல் நடுவில் ஒரு ஆள் நிற்கிற மாதிரி வர வேண்டும். தலைக்குள் கேட்கிற மாதிரியோ, எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாமலோ இருந்தால் ஒரு ஸ்பீக்கரின் இரண்டு முனைகளை மாற்றி மாட்டிவிட்டு மறுபடி கேளுங்கள்.

துடைத்துத் திருகுவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆம்ப் அணைந்திருக்கும்போது ஆம்பின் பின்னால் செருகியிருக்கும் ஒவ்வொரு ஆர்சிஏ பின்னையும் (சிவப்பு, வெள்ளை நிறத்தில் வரும் ஆடியோ பின்) கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காய விட்டு, நாலைந்து முறை திருகித் திருகிச் செருகுங்கள். ஸ்பீக்கர் வயரின் முனையில் செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் அந்த ஒரு சென்டிமீட்டரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகத் தோலுரியுங்கள். இழைகளை முறுக்கி உள்ளே விடுங்கள். ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொடக்கூடாது. தொட்டால் ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள ப்ரொட்டெக்ஷனுக்குப் போய் நின்றுவிடும், பழைய ஆம்ப் என்றால் போயே போய்விடும்.

நார்ஜ், காஸ்மிக், சோனோடைன் போன்ற நம் ஊர்ப் பழைய ஆம்ப்களை இன்னும் வைத்திருப்பவர்கள் வால்யூம் திருகிலும் செலக்டர் சுவிட்சிலும் கான்டாக்ட் கிளீனர் அடித்து, இருபது முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் விட்டு விட்டுப் பாடுகிறது என்று என்னிடம் வந்த பழைய ஆம்ப்களில் பாதிக்கு மேல் இதோடு சரியாகிப் போயின.

'புது கேபிள் நூறு மணி நேரம் ஓடினால்தான் பழகும்' என்று கடையில் சொல்வார்கள். செம்புக்குப் பழக்கம் ஒன்றும் கிடையாது. நூறு மணி நேரத்தில் பழகுவது நம் காதுதான். பல கடைகளில் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடுவும் அதற்குள் முடிந்துவிடும்.

'ஹம்' இருந்தால்

பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் இருந்தால், தடிமனான கேபிள் வாங்கினால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த ஆழமான முனகல் அநேகமாக அங்கிருந்து வருகிறது. கொஞ்சம் கரகரப்போடு 100 ஹெர்ட்ஸில் வந்தால் ஆம்பின் பவர் சப்ளையில் இருக்கும் பழைய கெப்பாசிட்டர்கள் காரணமாக இருக்கலாம், அது மெக்கானிக் வேலை.

ஆம்பில் எல்லா இன்புட்டையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மறுபடி மாட்டுங்கள். எதை மாட்டும்போது இரைச்சல் தொடங்குகிறதோ அதுதான் ஆள். பெரும்பாலான வீடுகளில் அது டிவியோ செட்டாப் பாக்ஸோவாகத்தான் இருக்கும். அதன் பின்னால் இருக்கும் கேபிள் டிவி வயரை ஒரு நிமிஷம் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று நின்றால், தெருவிலிருந்து வரும் அந்த வயரின் உலோக உறைக்கும் உங்கள் வீட்டு எர்த்துக்கும் நடுவே ஒரு சுற்று உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டிப் பாருங்கள். போகாவிட்டால் ஆர்சிஏ வழியில் மாட்டும் ஒரு சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போதும். லேப்டாப்பிலிருந்து பாட்டு போடுபவர்கள் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள். ஹம் நிற்கும், ஆனால் அப்புறம் ஆம்பின் உடம்பில் என்றைக்காவது கரன்ட் ஏறினால் அதற்குப் போக்கிடம் உங்கள் கைதான்.

கரன்ட் போனபோது மட்டும் 'கர்ர்' என்கிறதா? அது வீட்டு இன்வர்ட்டர். ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் அப்படித்தான் உறுமும்.

எவ்வளவு தடிமன் வேண்டும் என்ற கணக்கு

ஸ்பீக்கர் வயரில் உண்மையாகவே பொருட்படுத்த வேண்டியது மின்தடை. அதைத் தீர்மானிப்பவை தடிமனும் நீளமும். இதற்கு நெடுங்காலமாக இருக்கும் நடைமுறை அளவு ஒன்று உண்டு: போக வர இரண்டு வழியும் சேர்த்து, வயரின் மொத்தத் தடை ஸ்பீக்கரின் பின்னால் போட்டிருக்கும் ஓம் அளவில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2 ஓம்.

பல இழை கொண்ட செம்பு வயருக்கு கிலோமீட்டருக்கு இவ்வளவுக்கு மேல் தடை இருக்கக்கூடாது என்று தர அளவு இருக்கிறது. 0.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 39 ஓம், 1 சதுர மில்லிமீட்டருக்கு 19.5, 1.5-க்கு 13.3, 2.5-க்கு 7.98. இதை வைத்துக் கணக்குப் போட்டால், 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.5 வயரில் 5 மீட்டர் வரை போகலாம், 1-இல் 10 மீட்டர், 1.5-இல் 15 மீட்டர், 2.5-இல் 25 மீட்டர். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

என் கதையையே எடுத்துக்கொள்வோம். 3 மீட்டர் தூரம், 8 ஓம் ஸ்பீக்கர். இலவசமாக வந்த 0.5 வயரில் மொத்தத் தடை 0.23 ஓம், அதனால் குறையும் சத்தம் கால் டெசிபல் (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு). விலை கொடுத்து வாங்கியது 2.5 தடிமன், அதில் 0.05 ஓம்தான். இரண்டுக்கும் நடுவே 0.2 டெசிபல். ஸ்பீக்கரின் ஓம் அளவு எல்லாச் சுருதியிலும் ஒன்றாக இருக்காது, ஒரு இடத்தில் 5-க்கு இறங்கி இன்னொரு இடத்தில் 25-க்கு ஏறும். அதையும் கணக்கில் சேர்த்தால்கூட மெல்லிய வயர் செய்யும் மேடு பள்ளம் ஒரு டெசிபலில் மூன்றில் ஒரு பங்கு. ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளே கிராஸ்ஓவரில் இருக்கும் சுருள் ஒன்றின் தடையே பல நேரம் 0.2 ஓமுக்கு மேல் போகும். வூஃபருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் என்ற சுருளே 6 ஓம் அளவுக்குத் தடையுள்ள மெல்லிய கம்பியால் சுற்றப்பட்டது. அதற்கு முன்னால் ஹாலில் ஓடும் 3 மீட்டர் வயரின் தடிமன் என்ன செய்துவிடும்?

கேபிளே எதுவும் செய்யாது என்று இதற்கு அர்த்தமில்லை. நண்பர் ஒருவரின் ஒயிட்ஃபீல்டு ஃபிளாட்டில் ஃபால்ஸ் சீலிங்குக்குள் வயரை ஓடவிட்டு சுவரில் சாக்கெட் வைத்திருந்தார்கள். வெளியே பார்க்க ஜோர். சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்தது 0.5 வயர், சுற்றி வளைத்து 12 மீட்டர். ஸ்பீக்கர் 4 ஓம். வயரின் தடை 0.94 ஓம், அதாவது ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய திறனில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே காலி. அதைவிட மோசம், ஸ்பீக்கர் 3 ஓமுக்கு இறங்கும் இடத்துக்கும் 15 ஓமுக்கு ஏறும் இடத்துக்கும் இடையே 1.8 டெசிபல் வித்தியாசம் வந்துவிடுகிறது. அது காதுக்குத் தெரியும். வெளியே 2.5 வயரை இழுத்து மாட்டிக் காட்டினேன், நண்பருடைய அம்மாவே அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்பத்தாம்ப்பா பாட்டு பாட்டாட்டம் இருக்கு" என்றார்.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆம்ப்கள் கேபிளையும் தங்கள் சர்க்யூட்டின் ஒரு பாகமாக எண்ணிச் செய்யப்பட்டவை. பிரிட்டனின் நெய்ம் நிறுவனம் தன் ஆம்ப்களுக்குக் குறைந்தது 3.5 மீட்டர் கேபிளாவது போடச் சொல்லிவந்தது. அப்படி ஏதாவது உங்கள் ஆம்பின் கையேட்டில் இருந்தால் என் பேச்சைக் கேட்காமல் கையேட்டின் பேச்சைக் கேளுங்கள்.

எஸ்.பி. ரோட்டில் வாங்குவது

டவுன் ஹால் பக்கத்து எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸுக்கு, அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பி.வி.கே. ஐயங்கார் ரோடு எலெக்ட்ரிக்கல் சாமானுக்கு. ஸ்பீக்கர் வயருக்கு நான் சிபாரிசு செய்வது இரண்டாவதைத்தான், காரணத்தை இப்போது சொல்கிறேன்.

முதலில் எஸ்.பி. ரோட்டில் ஒரு சின்னக் கடைக்குத்தான் போனேன். "எஷ்டு மீட்டர் பேக்கு?" ('எத்தனை மீட்டர் வேண்டும்?') என்று கன்னடத்தில் ஆரம்பித்தவர், என் கன்னடத்தில் இரண்டு வாக்கியம் கேட்டதும் தானாகவே தமிழுக்கு மாறிவிட்டார்.

"ரெண்டு ரகம் இருக்கு சார். பளபளன்னு ட்ரான்ஸ்பரன்டா ஒன்னு, எல்லாரும் அதத்தான் வாங்கறாங்க."

"முழுக்கக் காப்பரா அண்ணா?"

"காப்பர் கலர் சார்."

இந்தப் பதிலைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு அங்குலத் துண்டு கேட்டு வாங்கி, ஒரே ஒரு இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறத்துக்குக் கீழே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் அது. அதே தடிமன் செம்பைவிட அதன் தடை ஒன்றரை மடங்குக்கும் கொஞ்சம் மேல், எடை பாதிக்கும் கீழ். முறுக்கினால் இழைகள் சீக்கிரம் ஒடியும். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கேட்டதற்குப் பதில் சொன்னார். பார்த்து வாங்க வேண்டியது நம் வேலை.

வீட்டிலும் இதைச் செய்யலாம். சுரண்டினால் உள்ளேயும் செம்பாகவே இருக்க வேண்டும். லைட்டர் தீயில் ஒற்றை இழையைக் காட்டினால் அலுமினியம் சுருண்டு உருகிவிடும், செம்பு சிவந்து நிற்கும். காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு, அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒரு வயர் வெளியே வெள்ளையாகவும் சுரண்டினால் உள்ளே சிவப்பாகவும் இருந்தால் பயப்பட வேண்டாம், அது வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு, எளிதில் பச்சை பூக்காது.

நான் கடைசியில் வாங்கியது வீட்டு வயரிங் கம்பெனிகள் செய்யும் சாதாரண இரண்டு கோர் ஃப்ளெக்சிபிள் வயர். மேலே ஐ.எஸ். 694 (மின்வயருக்கான இந்தியத் தர எண்) என்றும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அச்சடித்திருக்கும். கடையில் '1.5 ஸ்கொயர் டூ கோர் ஃப்ளெக்சிபிள்' என்று கேட்டால் போதும். எனக்கு மீட்டர் எழுபது ரூபாய் ஆனது. உள்ளே சிவப்பு ஒன்று, கருப்பு ஒன்று என்று தனித்தனியாக உறை இருப்பதால் என்னைப் போன்றவர்கள் மாற்றி மாட்டவும் வழியில்லை. இரண்டு பக்கமும் 4 மில்லிமீட்டர் பனானா பிளக் திருகிவிட்டால் அடிக்கடி கழற்றி மாட்ட சுகம், சத்தத்தில் அதனால் மாற்றம் கிடையாது.

'ஆக்ஸிஜன் இல்லாத செம்பு' என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். சாதாரண மின்கம்பிச் செம்புக்கும் அதற்கும் கடத்துத்திறனில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் வித்தியாசம். இரண்டு ஸ்பீக்கருக்கும் வயர் ஒரே நீளம் இருந்தே தீர வேண்டும் என்பதும் அப்படித்தான். ஒரு பக்கம் 2 மீட்டர் கூடுதலாக இருந்தால் 1.5 வயரில் 0.06 டெசிபல். நீளமான பக்கத்தைச் சுருட்டி சோபாவுக்குப் பின்னால் போடுவதற்குப் பதில் தேவையான அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

மற்ற கேபிள்கள்

சிடி பிளேயருக்கும் ஆம்புக்கும் நடுவில் போகும் ஆர்சிஏ கேபிளில் கிட்டத்தட்ட கரன்டே ஓடுவதில்லை. அதனால் தடிமன் பெரிதல்ல, உள்ளே கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக உறை (ஷீல்டு) நல்லபடியாக இருந்து பின் இறுக்கமாகப் பிடித்தால் போதும். சத்தத்தை அது வடிகட்டும் அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிளேயரின் அவுட்புட் 500 ஓம், கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கும் தன்மை) 300 பிக்கோஃபாரட் என்று வைத்தால், குறையத் தொடங்கும் இடம் 10 லட்சம் ஹெர்ட்ஸுக்கு மேல். நம் காது 20,000-த்தோடு சரி, நாற்பது தாண்டியவர்களுக்கு அதுவும் இல்லை.

ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் நின்று படியுங்கள், ஏனென்றால் கேபிள் சத்தத்தை மாற்றும் என்று நான் சத்தியமே செய்யக்கூடிய இடம் இது. ரெக்கார்டைத் தொடும் ஊசி இருக்கும் பாகம் கார்ட்ரிட்ஜ். அதில் மூவிங் மேக்னெட் என்ற வகையின் உள்ளே இருப்பது பெரிய சுருள். அதோடு கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் துள்ளல் உண்டாகும். சுருளின் இண்டக்டன்ஸ் அரை ஹென்றி என்று வையுங்கள். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் வயர், ஆர்சிஏ கேபிள், அந்தச் சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் ஃபோனோ ஸ்டேஜ் எல்லாம் சேர்ந்து 200 பிக்கோஃபாரட் இருந்தால் அந்தத் துள்ளல் ஏறக்குறைய 16,000 ஹெர்ட்ஸில் வரும். நீளமான கேபிள் போட்டு 450 ஆக்கினால் 10,600-க்கு இறங்கிவிடும். ஜால்ரா கூசும், 'ச'கரமெல்லாம் சீறும். கார்ட்ரிட்ஜோடு வரும் தாளில் எவ்வளவு கெப்பாசிட்டன்ஸ் வேண்டும் என்று போட்டிருக்கும், 100 முதல் 200 என்கிற மாதிரி. அதற்குள் நிற்கும் குட்டையான கேபிளை வாங்குங்கள். விலையைப் பார்க்க வேண்டாம், மீட்டருக்கு எத்தனை பிக்கோஃபாரட் என்று பாருங்கள்.

ஆப்டிகல், யுஎஸ்பி, எச்டிஎம்ஐ வழியே போவது எண்கள். கெட்டுப்போன கேபிளில் பாட்டு வெட்டி வெட்டி வரும், 'டிக் டிக்' என்னும், இல்லை வரவே வராது. வீணையின் கமகம் மட்டும் மங்கலாகி மற்றதெல்லாம் நன்றாக இருக்கும் என்பது நடக்காது. பவர் கேபிள் பற்றி ஒரு வரி: எர்த்தோடு கூடிய, ஆம்பின் ஆம்பியர் அளவுக்கு ஏற்ற வயர், சூடாகாத பிளக். ஆம்புக்குள் போனதும் அந்த மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரில் இறங்கி, டயோடில் நேராகி, கெப்பாசிட்டரில் தேங்கி வேறு உருவம் எடுத்துவிடுகிறது.

அந்தக் காசை அறையில் போடுவது

ஹாலின் நடுவில் நின்று ஒரு தட்டு கை தட்டுங்கள். விட்ரிஃபைட் டைல்ஸ், வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் உள்ள அறையில் 'ட்ரிங்' என்று ஒரு வால் நீளும். உங்கள் பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அந்த வால் தொங்குகிறது. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் ஒரு கெட்டி ஜமக்காளம், ஜன்னலுக்குத் தடிமனான திரை, பின்சுவரில் ஒழுங்கில்லாமல் அடுக்கிய புத்தக அலமாரி. இவற்றைப் போட்டுவிட்டு மறுபடி கை தட்டிப் பாருங்கள்.

இரண்டு சுவருக்கு நடுவே 10 அடி இருந்தால் 56 ஹெர்ட்ஸ் பக்கம் அறையே கூடச் சேர்ந்து முழங்கும். சில இடத்தில் உட்கார்ந்தால் தொப்பி வயிற்றில் இடிக்கும், மூன்றடி தள்ளினால் காணாமல் போகும். அந்த ஏற்ற இறக்கம் 10 டெசிபல்கூட இருக்கும். முன்னால் நாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தது 0.2 டெசிபலுக்கு. ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுங்கள், பின்சுவரிலிருந்து ஒன்றரை அடியில் ஆரம்பித்து அரை அடி அரை அடியாக நகர்த்துங்கள், நன்றாக இருந்த இடத்தில் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ட்வீட்டர் காது உயரத்தில். சோபாவைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு அடியாவது முன்னால். வீட்டில் இதற்கு அனுமதி வாங்குவதுதான் இந்த வழிகாட்டியிலேயே கஷ்டமான கட்டம், அதற்கு என்னிடம் வழி இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு கேட்பது

இத்தனைக்கும் பிறகு விலை உயர்ந்த கேபிள் வேண்டும் என்று தோன்றினால், திருப்பிக் கொடுக்க முடிகிற கடையில் வாங்கி இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். 2007-இல் மாயவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, ஒரு ஜோடி 7,250 டாலர் விலையுள்ள ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணமானதிலிருந்து காதால் மட்டும் பிரித்துக் காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். அந்தச் சோதனை கடைசிவரை நடக்கவே இல்லை. எங்கள் ஹாலில் நடந்தது.

ஒரு பக்கம் என் ஆறாயிரத்து ஐநூறு, இன்னொரு பக்கம் மீட்டர் எழுபது ரூபாய் வயர். முதலில் சத்தத்தைச் சமன் செய்ய வேண்டும், ஏனென்றால் அரை டெசிபல் கூடினால் நமக்கு 'சத்தம் அதிகம்' என்று தெரியாது, 'தெளிவு அதிகம்' என்றுதான் தோன்றும். 200 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து ஏசி வோல்ட்டைப் பார்த்தோம். ஒரு வோல்ட்டில் 0.01-க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது, அது ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்கு.

மச்சினன் ஆம்புக்குப் பின்னால், நடுவில் கொடி கட்டி ஒரு பெட்ஷீட், என் மனைவி கையில் நோட்டு. ஒவ்வொரு சுற்றிலும் அவன் காசு சுண்டி, தலை என்றால் இந்த வயர், பூ என்றால் அந்த வயர். அதே வயர் மறுபடி வந்தாலும் ஆம்பை அணைத்து, கழற்றி, மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளும் நேரமே காட்டிக்கொடுத்துவிடும். மாட்டுகிறவன் பேசக்கூடாது. ஒரே பாட்டின் ஒரே முப்பது நொடி. மொத்தம் 16 சுற்று. 12 சரியாகச் சொன்னால்தான் கணக்கு, ஏனென்றால் குருட்டாம்போக்கில் 12-ஐத் தொடும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழ்.

தொடங்குவதற்கு முன் எது என்று சொல்லிவிட்டே இரண்டையும் ஒரு தடவை கேட்டேன். விலை உயர்ந்ததில் தம்புரா விரிந்து கேட்டது, சந்தேகமே இல்லை. பெட்ஷீட் இறங்கிய பிறகு மூன்றாவது சுற்றிலேயே எனக்கு வியர்த்துவிட்டது. பன்னிரண்டாவது சுற்றில் நான் தெளிவாக, "இது விலை ஒசந்தது" என்றேன், உள்ளே இருமல் சத்தம் கேட்டது.

16-க்கு 9.

"இதுக்கு அவன் சுண்டின காசையே கேட்டிருக்கலாம்" என்றாள் என் மனைவி நோட்டை மூடிக்கொண்டே.

"அத்தான், அப்ப அந்தக் கேபிள நான் எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றான் மச்சினன். எடுத்துக்கொண்டு போனான். ராத்திரி பதினோரு மணிக்கு மாரத்தஹள்ளியிலிருந்து ஃபோன்.

"அத்தான், நீங்க தப்பா சொல்லிட்டீங்க! இங்க பேஸ் சும்மா பின்னுது. அப்படியே வேற ஸ்பீக்கர் மாதிரி இருக்கு."

"பழச கழட்டறதுக்கு முன்னாடி பேட்டரி வச்சுப் பாத்தியாடா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பின்னணியில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.